நாகர்கோவிலிலிருந்து பாரிஸ், அராஸ், அவிஞ்ஞோன், லியோன்: முதுகுப்பையோடு இருவர் சிக்கனமாகப் போய்வர

பிரான்சில் பணம் கரைவது பெரும்பாலும் மூன்று வழிகளில்: பாரிஸ் அறை வாடகை, கடைசி நேரத்தில் எடுக்கும் ரயில் டிக்கெட், பசி தாங்காமல் சுற்றுலாத் தெருவில் கண்ட கடையில் உட்கார்வது. இந்த மூன்றையும் வீட்டிலிருந்தே அடக்கிவிடலாம். அதற்கு முதல் வேலை, பட்டியலில் இருக்கும் ஊர்களில் பாதியை அடிப்பது.

'பத்து நாளில் எட்டு ஊர்' என்று திட்டம் போடும் ஜோடிகள்தான் அதிகம் செலவழித்துக் குறைவாகப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு ஊர் மாற்றமும் அரை நாளைத் தின்னும், இரண்டு டிக்கெட் கேட்கும், அறை கிடைக்கும்வரை பையைச் சுமக்க வைக்கும். இங்கே சொல்லும் திட்டம் 12 இரவு, நான்கு தங்குமிடம்: பாரிஸ் 3, அராஸ் 2, அவிஞ்ஞோன் 4, லியோன் 3. பாரிசில் இறங்கி லியோனிலிருந்து திரும்புவது. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வழியாகப் போகும் எமிரேட்ஸ் இந்த இரு ஊர்களுக்கும் பறக்கிறது. விமான டிக்கெட் தேடும்போது 'ரவுண்ட் ட்ரிப்' என்று போடாமல் 'மல்டி சிட்டி' என்று போட்டால் இது கிடைக்கும். பாரிசுக்கே திரும்பி வரும் ரயில் செலவும் ஒரு நாளும் மிச்சம்.

அராஸ் எதற்கு என்று கேட்பீர்கள். எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் முன்வரிசையில் வராத ஊர் அது. ஆனால் குமரி மாவட்டத்துக்காரருக்கு அந்த ஊரோடு ஒரு கணக்கு உண்டு. 1741-ல் குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து பிடிபட்டு, பிறகு மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவரான டிலனாய் பிறந்தது அராசில். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவர் கல்லறையில் தமிழிலும் லத்தீனிலும் எழுத்து இருக்கிறது. போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தக்கலைப் பக்கம் போய் அதைப் பார்த்துவிடுங்கள்.

எப்போது போவது

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் பாதி வரை, அல்லது செப்டம்பர் முதல் அக்டோபர் பாதி வரை. ஜூலையில் அவிஞ்ஞோனில் நாடகத் திருவிழா. 1947 முதல் நடப்பது. அந்த மாதம் அறை கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலை கட்டாது. ஆகஸ்டில் பாதிக் கடைக்காரர்கள் விடுமுறையில் போய்விடுவார்கள். மே 1 அன்று எங்குமே இல்லாத அடைப்பு. அருங்காட்சியகம், கடை, சில ஊர்களில் பேருந்து வரை நின்றுவிடும். அந்தத் தேதியில் ஊர் மாறாதீர்கள்.

விசா: பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்

பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா, பெரியவருக்கு 90 யூரோ. சேவை மையக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளுக்கு முன் கொடுத்திருக்க வேண்டும். கோடைக் கூட்டத்தில் நாள் கிடைக்காது என்பதால் மூன்று மாதம் முன்னரே தொடங்குவது நல்லது. பல நாடு சுற்றினால் அதிக இரவு எங்கேயோ அந்த நாட்டில்தான் விண்ணப்பம். இந்தத் திட்டத்தில் எல்லாமே பிரான்ஸ், குழப்பம் இல்லை.

வேலை வரிசை: முதலில் 'பிரான்ஸ் விசாஸ்' தளத்தில் இருவரும் தனித்தனியாகப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் கிடைக்கும் எண்ணை வைத்து, விண்ணப்பம் வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் நேரம் பிடிக்க வேண்டும். கொச்சியிலும் சென்னையிலும் மையம் உண்டு. இருவருக்கும் ஒரே நாளில், அடுத்தடுத்த நேரமாகப் பிடியுங்கள். கைரேகை கொடுக்க நேரில்தான் போக வேண்டும்; ஒருமுறை கொடுத்தது 59 மாதம் செல்லும். இரவு ரயிலில் போய் இறங்குவதாக இருந்தால் காலை 11 மணிக்கு மேல் நேரம் எடுங்கள், ரயில் தாமதத்துக்கு இடம் வேண்டும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: பத்து ஆண்டுக்குள் கொடுக்கப்பட்ட, திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லும் பாஸ்போர்ட், அதில் இரண்டு வெற்றுப் பக்கம், 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், விமான முன்பதிவு, 12 இரவுக்கும் அறை முன்பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், வருமானவரித் தாக்கல், சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும், என்றைக்கு எந்த ஊர் என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதம். பணம் கட்டிய விமான டிக்கெட்டை விசாவுக்கு முன் வாங்க வேண்டாம். அறைகளையும் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகப் பிடியுங்கள். விசா வந்தபின் விலை குறைந்த, ரத்தாகாத அறைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஊரையும் தேதியையும் மட்டும் மாற்றக் கூடாது.

கையில் எவ்வளவு காட்ட வேண்டும்? அறை முன்பதிவு இருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120. இருவருக்கு 13 நாள் என்றால் 1,690 யூரோ. இது தரைமட்டம், இதற்கு மேல் நன்றாகவே இருப்பு இருக்க வேண்டும். தொகையைவிட முக்கியம், அது எப்படி வந்தது என்பது. விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன் மச்சான் கணக்கிலிருந்து மூன்று லட்சம் வந்து விழுந்தால், கடன் வாங்கிக் காட்டுகிறார்கள் என்றுதான் அதிகாரி நினைப்பார். உண்மையிலேயே சீட்டு எடுத்த பணம் என்றால் சீட்டுப் பாஸ்புக் நகலை வையுங்கள். ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர் பட்டா, கரம் கட்டிய ரசீது, ஷீட் விற்ற பில், அந்தப் பணம் கணக்கில் ஏறிய வரி என்று சங்கிலியாகக் காட்ட வேண்டும். கையில் வாங்கிக் கையில் செலவழிக்கும் வருமானம் அதிகாரிக்குக் கண்ணில் படாது. ஆறு மாதம் முன்பிருந்தே வங்கி வழியாக வாங்கத் தொடங்குங்கள்.

மனைவிக்குத் தனி வருமானம் இல்லையென்றால் கணவர் செலவேற்கும் கடிதமும் திருமணச் சான்றிதழும் சேர்க்க வேண்டும் (எதிர்மாறாக இருந்தாலும் இதே விதி). கோயில் ரசீதோ சர்ச் சான்றிதழோ மட்டும் போதும் என்று நம்பாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்ததை வையுங்கள். நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் இனிஷியல். ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் விரித்த தகப்பன் பெயர், வங்கியில் எழுத்தே இல்லை. எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் இருப்பதுதான், எழுத்துக்கு எழுத்து. வங்கி மேலாளரிடம் 'இருவரும் ஒருவரே' என்று ஒரு கடிதம் வாங்கிச் சேர்த்தால் கேள்வி குறையும்.

பை

ஆளுக்கு 40 லிட்டருக்கு மேல் வேண்டாம், எடை 8 கிலோவுக்குள். காரணம் முதுகுவலி மட்டுமில்லை. விலை குறைந்த 'வீகோ' ரயிலில் 55க்கு 35க்கு 25 செ.மீ. பை ஒன்றும் சிறு கைப்பை ஒன்றும்தான் டிக்கெட்டில் அடங்கும். பெரிய பைக்குத் தனிக் கட்டணம். பழைய கட்டடங்களில் லிப்ட் இல்லாத நான்காம் மாடி அறைதான் மலிவாகக் கிடைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நாலு நாளுக்கு உடுப்பு, துவைத்து உலர்த்த நைலான் கயிறு, காற்றுத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை. நம் இரண்டு முனைச் சார்ஜர் அங்கே நேராகச் செருகும். மூன்று முனை என்றால் அடாப்டர் வேண்டும். தாலிச் சங்கிலி, வளையல் எதுவும் வேண்டாம். மஞ்சள் கயிற்றோடு போனால் மெட்ரோவில் நிம்மதி.

தின்பண்டத்தில் விதி தெரிந்திருக்க வேண்டும். இறைச்சியோ பாலோ கலந்த எதையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. பீஃப் ஊறுகாய், பால்கோவா, நெய் எல்லாம் அதில் அடங்கும். கருவேப்பிலைக்கும் தடை. மீனுக்கு அனுமதி உண்டு, அதனால் கருவாடு சட்டப்படி போகும். ஆறு பேர் படுக்கும் விடுதி அறையில் அதைத் திறந்தால் என்ன நடக்கும் என்பது வேறு விஷயம். வாழைப்பழத்துக்கும் சான்றிதழ் கேட்பதில்லை, ஆனால் மட்டிப்பழம் பயணத்தில் நசுங்கிவிடும். ஏத்தங்காய் சிப்ஸ், அவல், பொடி வகைகள் போதும்.

ரயில்: எதை முன்னால் வாங்குவது, எதை வாங்கக் கூடாது

பிரான்சில் இரண்டு வகை டிக்கெட் உண்டு. டி.ஜி.வி. என்ற அதிவேக ரயிலும் வீகோவும் விமானம் மாதிரி. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். டி.இ.ஆர். என்ற வட்டார ரயில் நம் பாசஞ்சர் மாதிரி. பொதுவாக எப்போது வாங்கினாலும் ஒரே விலை, இருக்கை எண் கிடையாது. ஆகவே நீளமான பயணங்களை விசா வந்த அன்றே வாங்குங்கள். பாரிசிலிருந்து அராஸ் போய்வருவது, பாரிசிலிருந்து அவிஞ்ஞோன், அவிஞ்ஞோனிலிருந்து லியோன், இவ்வளவுதான். அவிஞ்ஞோனிலிருந்து ஆர்ல், நீம் போவதற்கு அன்றைக்கு வானத்தைப் பார்த்துவிட்டு வாங்கினால் போதும்.

பிரெஞ்சு ரயில்வேயான எஸ்.என்.சி.எஃப். செயலியில் நம் கார்டு சில நேரம் ஏறாது. முதலில் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். அப்படியும் மறுத்தால் ட்ரெய்ன்லைன் போன்ற வேறு செயலியில் முயலலாம். ஓ.டி.பி. நம் ஊர் எண்ணுக்கு வரும் என்பதால் அங்கிருந்து வாங்க நேர்ந்தால் அந்த சிம் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும்.

ரயில் தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டேஷன் பெயர். 'கார் து லியோன்' இருப்பது பாரிசில், லியோனில் இல்லை. தெற்கே போகும் வண்டிகள் அங்கிருந்து கிளம்பும். அராஸ் வண்டி பாரிசின் 'கார் து நோர்' நிலையத்திலிருந்து, ஐம்பது நிமிடம்தான். ஆக அராசிலிருந்து அவிஞ்ஞோன் போகும் நாளில் பாரிசுக்குள் நிலையம் மாற வேண்டும். ஆர்.இ.ஆர். என்ற நகர ரயிலின் 'டி' தடத்தில் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம், ஆனாலும் இரண்டு வண்டிக்கும் இடையில் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் நட்டம் உங்களுடையதுதான். நம் ஊர் மாதிரி ஓடும் வண்டியில் தொற்ற முடியாது. புறப்பட இரண்டு நிமிடம் முன்பே கதவு மூடிவிடும். வீகோவுக்கு அரை மணி முன்னால் நில்லுங்கள்.

அவிஞ்ஞோனுக்கு இரண்டு நிலையம். டி.ஜி.வி. நிலையம் ஊருக்கு வெளியே. 'சான்ட்ர்' என்பது கோட்டைச் சுவர் வாசலில். இரண்டையும் சிறு ரயில் ஐந்தாறு நிமிடத்தில் இணைக்கிறது. டாக்சிக்காரரிடம் போக வேண்டாம்.

வேலைநிறுத்தம் அடிக்கடி வரும் நாடு. அறிவிப்பில் 'கிரேவ்' என்ற சொல் கண்டால் செயலியைப் பாருங்கள். வண்டியை அவர்களே ரத்து செய்தால் பணம் திரும்பும்.

பாரிஸ், மூன்று இரவு

விமான நிலையத்தில் வரிசை நீளம். 2025 அக்டோபரில் கைரேகையும் முகப்படமும் பதியும் புது முறை தொடங்கியிருக்கிறது. அதனால் இறங்கிய அன்றே வேறு ஊருக்கு ரயில் பிடிக்க வேண்டாம்.

ஊருக்குள் வர ஆர்.இ.ஆர். 'பி', ஆளுக்குச் சுமார் 14 யூரோ. சாதாரண மெட்ரோ டிக்கெட் இதற்குச் செல்லாது. ஊருக்குள் ஒரு பயணம் இரண்டரை யூரோ சொச்சம். 2 யூரோவுக்கு 'நாவிகோ ஈசி' அட்டை வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். ஒரே அட்டையை இருவர் தட்டிப் போக முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். வெளியே வரும்வரை அட்டையைக் கையில் வையுங்கள்.

அறை கார் து நோருக்கு வடக்கே, லா சப்பல் பக்கம் பாருங்கள். தெரு அழகில்லை, ஆனால் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக உண்டு. சோறு, இடியாப்பம், கொத்து ரொட்டி தமிழில் கேட்டே வாங்கலாம். பிறகு அராஸ் வண்டிக்கும் நடந்தே போகலாம்.

லூவர் அருங்காட்சியகத்தில் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியர் அல்லாதவருக்கு 32 யூரோ. இருவருக்கு 64, ஒரு நாள் அறை வாடகை. ஓவியத்தில் பித்து இருந்தால் கொடுங்கள், பெயருக்காக வேண்டாம். நோத்ர் தாம் பேராலயத்துக்குள் போவதும், பாரிஸ் வரலாறு சொல்லும் கார்னவலே, பெத்தி பாலே அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளும் இலவசம். லூவருக்குச் செவ்வாயும் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்களும் விடுமுறை.

மெட்ரோவில் கைப்பை முன்பக்கம். கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுபவரிடம் நிற்காதீர்கள்; ஒருவர் பேச, இன்னொருவர் எடுப்பார்.

அராஸ்

பாரிசில் ஒரு இரவுக்குக் கொடுத்ததற்கு இங்கே நல்ல அறை கிடைக்கும். அடுத்தடுத்து இரண்டு பெரிய சதுக்கங்கள், சுற்றிலும் ஃபிளெமிஷ் பாணியில் 155 வீட்டு முகப்புகள். முதல் உலகப் போரில் நொறுங்கி, பழையபடியே திரும்பக் கட்டப்பட்டவை. சனிக்கிழமை காலை சந்தை. அந்த நாளில் இருக்கும்படி தேதியை அமையுங்கள். 75 மீட்டர் மணிக்கூண்டில் ஏறலாம். ஊருக்கு அடியில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பழைய சுரங்கங்கள் உண்டு. 1917 அராஸ் போருக்காக நியூசிலாந்துக்காரர்கள் அவற்றை நீட்டி, 24,000 வீரர்கள் தங்கும்படி செய்தார்கள். வெலிங்டன் குகை என்ற பகுதியை வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும். முன்னரே நேரம் பிடியுங்கள். உள்ளே குளிரும்.

ஊர் ஓரத்தில் பிரெஞ்சுப் படைப் பொறியாளர் வோபான் கட்டிய கோட்டை, 1668 முதல் 1672 வரை. இந்தக் கோட்டை நின்ற ஊரில் பிறந்தவர்தான் உதயகிரியைக் கருங்கல்லில் புதுப்பிக்கும் வேலையைப் பார்த்தார் என்பது மனதில் இருந்தால், வெறும் மண்மேடாகத் தெரியாது.

அவிஞ்ஞோன், நான்கு இரவு

இது தங்கி நாலாபக்கமும் போய்வரும் ஊர். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமில் இல்லாமல் இங்கே இருந்தார்கள். அரண்மனைக்குக் கட்டணம் கொடுப்பது தகும். பாலத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வளைவில் நான்குதான் மிச்சம், அதை ரோஷே தே தோம் பூங்காவிலிருந்து சும்மாவே பார்க்கலாம்.

ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து 'மிஸ்த்ரால்' அடிக்கும். ஆரல்வாய்மொழிக் காற்றில் நின்றவருக்கு வேகம் புதிதில்லை, ஆனால் இது குளிர்ந்த காற்று. மே மாதத்திலும் மேல்சட்டை வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான்.

ஆர்ல் இருபது நிமிடம், நீம் அரை மணி. இரண்டிலும் ரோமானியர் அரங்கம் உண்டு. ஒன்றுக்குள் போனால் போதும், மற்றதை வெளியே சுற்றிப் பாருங்கள். ஒரு முழு நாளை போன் து கார் பாலத்துக்கு ஒதுக்குங்கள். அவிஞ்ஞோனிலிருந்து 'லியோ' பேருந்து, சில யூரோதான். ஞாயிறன்று வண்டி மிகக் குறைவு, திரும்பும் நேரத்தை இறங்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம். இது 160 அடி, மூன்று அடுக்கு, முதலாம் நூற்றாண்டுக் கல்வேலை. ஊற்றிலிருந்து நீம் நகருக்கு 50 கிலோமீட்டர் தண்ணீர் கொண்டுபோன கால்வாயின் ஒரு துண்டு. அத்தனை தூரத்துக்கும் மொத்தச் சரிவு 12.6 மீட்டர்தான். கீழே ஆற்றில் கால் நனைக்கலாம். சோற்றுப் பொதி கட்டிப் போங்கள், அங்கே கடை விலை அதிகம்.

சாப்பாடும் அறையும்

பேக்கரியில் சாண்ட்விச், குடிக்க ஒன்று, இனிப்பு ஒன்று சேர்த்து 'ஃபோர்முயில்' என்று 8 முதல் 10 யூரோவுக்குத் தருவார்கள். உட்கார்ந்து சாப்பிட ஆசை என்றால் மதியம் போங்கள். 'ப்ளா து ஜூர்' 12 முதல் 16 யூரோ, இரவில் அதே மேசைக்கு விலை கூடும். சமையலறை மதியம் 12 முதல் 2 வரைதான், பிறகு ஏழு மணி ஆகும். மூன்று மணிக்குப் பசித்து அலைபவர்தான் சுற்றுலாத் தெருவில் மாட்டுவார். தண்ணீர் கேட்கும்போது 'கராஃப் தோ' என்றால் குழாய்த் தண்ணீர், இலவசம். வெறும் 'வாட்டர்' என்றால் பாட்டிலும் பில்லும் வரும். சூப்பர் மார்க்கெட் பல ஊரில் ஞாயிறு மதியம் மூடிவிடும், சனிக்கிழமையே வாங்கிவையுங்கள்.

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் சொல் 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் திருப்புவார்கள். நம் வீட்டுக்குள் வந்தவர் ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்தது போல அவர்களுக்கு.

விடுதிக் கட்டில் இரண்டின் விலையும் மலிவு ஓட்டல் அறையின் விலையும் பல நேரம் ஒன்றாகவே இருக்கும். இருவராகப் போகும்போது கூட்டிப் பார்த்துவிட்டே பிடியுங்கள். அவிஞ்ஞோனில் அடுப்புள்ள அறை எடுத்தால் நாலு இரவும் சோறு வடிக்கலாம். தங்கும் வரி என்று ஆளுக்கு இரவொன்றுக்குச் சிறு தொகை தனியாகக் கேட்பார்கள், ஏமாற்று இல்லை. சிறு ஓட்டல்களில் இரவில் ஆள் இருக்கமாட்டார். கதவுக் குறியெண்ணை மின்னஞ்சலில் முன்பே வாங்குங்கள்.

கார்டு இயந்திரமோ ஏ.டி.எம்.மோ 'ரூபாயிலா யூரோவிலா' என்று கேட்டால் யூரோ. ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விலை நமக்கு நட்டம்.

கணக்கு: அறை 60 முதல் 80, சாப்பாடு 30 முதல் 35, பேருந்தும் நுழைவும் 20 முதல் 25. இருவருக்கு நாளொன்றுக்கு 125 யூரோ பக்கம் வரும். பாரிசில் மீறும், அராசில் ஈடாகும்.

லியோன்

கி.மு. 43-ல் ரோமானியர் நிறுவிய நகரம். ஃபூர்வியேர் குன்றில் அவர்களுடைய திறந்தவெளி அரங்கம் இலவசம். பக்கத்திலேயே பசிலிக்கா, அதற்கும் காசில்லை. குன்றுக்கு ரோப் ரயிலில் ஏறி, நடந்து இறங்குங்கள். பழைய நகரில் 'த்ரபூல்' என்ற மறைவழிகள், ஒரு தெருவில் நுழைந்து வீடுகளுக்கு அடியாக அடுத்த தெருவில் வெளிப்படுபவை. கதவுப் பொத்தானை அழுத்தினால் காலையில் பெரும்பாலும் திறக்கும். உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள், குரல் தாழ்த்துங்கள்.

'பூஷோன்' என்பது இந்த ஊர்ச் சாப்பாட்டுக்கடை. அட்டையில் 'அந்துயெத்' என்று கண்டால் அது பன்றிக்குடல். போட்டி பிடித்தவருக்குச் சரி, மற்றவர் 'கெனெல்' என்ற மீன் கொழுக்கட்டையைக் கேளுங்கள்.

விமான நிலையத்துக்கு பார்ட் தியூ நிலையத்திலிருந்து ரோன் எக்ஸ்பிரஸ் டிராம், அரை மணி. இணையத்தில் முன்னால் வாங்கினால் விலை குறையும். விமானத்துக்கு மூன்று மணி முன் போய்ச் சேருங்கள், போர்டிங் பாஸை எறியாதீர்கள். அடுத்த விசாவுக்கு அது கோப்பில் சேரும்.